ரைபெல்சஸ் மாத்திரை: வெறும் வயிறு, அரை டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம்

சர்க்கரை நோய்க்கு வாயால் விழுங்கும் செமாக்ளூடைடு மாத்திரை ரைபெல்சஸ். ஒரு வருடத்துக்கும் மேலாக இதைச் சாப்பிட்டு வருகிறேன். மருந்து நல்ல மருந்து, எனக்கு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இதை வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் விலையைப் பற்றிப் பேசுவதில்லை. "காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் ஒன்றும் குடிக்காமல் இருக்க முடியுமா? ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தினமும்?" என்றுதான் கேட்கிறேன். முடியாது என்றால் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதவே இந்த மதிப்புரை.

நான் கும்பகோணத்தில் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள். இரைப்பையின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தே என் வேலைக்காலம் போனது. அதனால்தான் இந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு நிம்மதி இல்லை. தெரிந்துகொண்ட பிறகு, பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் மதிப்புக் கூடிவிட்டது.

பார்ப்பதற்குச் சாதாரண மாத்திரைதான். வெள்ளையும் லேசான மஞ்சளும் கலந்த நிறம், முட்டை வடிவம், ஒரு பக்கம் நோவோ என்ற எழுத்து, மறுபக்கம் 3, 7 அல்லது 14 என்று மில்லிகிராம் அளவு. அட்டைக்குப் பத்து. தயாரிப்பது டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க். அமெரிக்காவில் 2019 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது, இந்தியாவில் 2022 தொடக்கத்தில் கடைக்கு வந்தது. முதல் மாதம் 3 மி.கி.; அது உடம்பைப் பழக்குவதற்கு மட்டும். அப்புறம் 7. போதவில்லை என்றால் டாக்டர் 14க்கு ஏற்றுவார்.

இதில் அதிசயம் என்னவென்றால், இப்படிப்பட்ட ஒரு பொருளை மாத்திரையாகக் கொடுக்க முடிந்ததே அதிசயம்தான். சர்க்கரைக்கு நம்மில் பலர் சாப்பிடும் மெட்பார்மின் ஒரு சின்ன மூலக்கூறு, எடை 129 டால்டன் (மூலக்கூறுகளை எடை போடும் அலகு). செமாக்ளூடைடு 4,114 டால்டன், ஏறத்தாழ 32 மடங்கு. 31 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, அதன் பக்கத்தில் ஒரு கொழுப்பு அமில வால். இரைப்பையைப் பொறுத்தவரை அதுவும் ஒரு புரதம்தான். அமிலம் அதைக் குலைக்கும், இரைப்பையின் நொதியான பெப்சின் வெட்டும், சிறுகுடலுக்குப் போனால் கணைய நொதிகள் மீதியை முடித்துவிடும். இன்சுலினை இன்றைக்கும் பெரும்பாலும் ஊசியாகவே போட்டுக்கொள்கிறோம் என்றால் காரணம் இதுதான். வெட்டுப்படாமல் தப்பித்தாலும் வேலை முடியவில்லை. இரைப்பையின் சுவரைத் தொடுவதற்கு முன்னால் கோழை இருக்கிறது.

அந்தக் கோழையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை.

வகுப்பில் ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், கறியையே கரைக்கிற அமிலம் வயித்தை ஏன் கரைக்கலை?" முக்கியமான விடை இந்தக் கோழைதான். இரைப்பையின் உள்சுவர் முழுவதும் அது பூசியிருக்கிறது. நறுக்கிய வெண்டைக்காய் கையில் ஒட்டுகிறதே, அந்த வழவழப்பு. கிட்டத்தட்ட 95 சதவீதம் தண்ணீர். மீதியில் முக்கியமானது மியூசின் என்ற புரத இழை, நீளம் முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் முளைத்தது. சுவரை ஒட்டிய கோழை கெட்டியாகப் பிடித்திருக்கும். அதற்கு மேலே இருப்பது தளர்ந்தது; உணவோடு உரசி உரசிக் கழன்று போய்க்கொண்டே இருக்கும், கீழிருந்து புதிதாகச் சுரந்துகொண்டே இருக்கும். சுவரின் செல்கள் பைகார்பனேட்டையும் சுரந்து இந்தக் கோழைக்குள் அனுப்புகின்றன. அதனால் இரைப்பையின் நடுவில் பி.எச். (அமிலத்தை அளக்கும் எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்) 1 அல்லது 2 ஆக இருக்கும் நேரத்தில், கோழைக்கு அடியில் செல்லைத் தொடும் இடத்தில் அது 7ஐ நெருங்கி இருக்கும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமனுக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசம். இதை எத்தனை முறை நடத்தினாலும் எனக்குச் சலித்ததே இல்லை.

சிறுகுடலில் கோழை வேறு மாதிரி. அங்கே கோப்பை வடிவ செல்கள் அதைச் சுரக்கின்றன, சுவரோடு அவ்வளவு ஒட்டாத ஒரே தளர்ந்த அடுக்கு. சத்துகளை உறிஞ்ச வேண்டிய இடம் அல்லவா, கெட்டியாக மூடிவைக்க முடியாது. பெருங்குடலில் மறுபடி இரண்டு அடுக்கு. உள் அடுக்கு பாக்டீரியாக்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தள்ளிவைக்கிறது. இதை எலிகளில் தெளிவாகக் காட்டியது ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் குன்னார் ஹான்சனின் குழு, 2008இல்.

மருந்துக்கு இந்தக் கோழை என்ன செய்யும் என்பது மருந்தைப் பொறுத்தது. பாராசிட்டமால் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, தண்ணீருக்குள் போவது போலவே போய்விடும். பெரிய மூலக்கூறு என்றால் இழைகளுக்கு இடையில் நகர்வது மெதுவாகும். மியூசினின் சர்க்கரைச் சங்கிலிகளில் எதிர்மின்சுமை நிறைய இருப்பதால் நேர்மின்சுமை கொண்ட மருந்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். கொழுப்பில் கரையும் தன்மை அதிகம் இருந்தாலும் நகர்வு குறையும். ஒட்டிக்கொண்டது அங்கேயே காத்திருந்து பிறகு உள்ளே போகலாமே என்றால் அதுவும் நடக்காது. சில மணி நேரத்துக்குள் கோழையே கழன்று, ஒட்டியிருப்பதையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் பெரிய மூலக்கூறுகளை மாத்திரையாக்க நினைக்கிறவர்களுக்கு அமிலம், நொதி, கோழை, இரைப்பைச் சுவரின் செல்கள் என்று வரிசையாக நாலு தடைகள். செமாக்ளூடைடு நாலையும் எதிர்கொள்ள வேண்டிய மருந்து.

சரி, ரைபெல்சஸ் எப்படிச் சமாளிக்கிறது? ஒவ்வொரு மாத்திரையிலும் 300 மி.கி. சால்கேப்ரோசேட் சோடியம் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் சுருக்கமாக ஸ்நாக் என்பார்கள். மருந்து 14 மி.கி., துணைப்பொருள் 300 மி.கி. என்ற விகிதத்தைப் பார்த்ததும் எனக்கே வியப்பாக இருந்தது. இந்த ஸ்நாக்கை உருவாக்கியது எமிஸ்பியர் என்ற அமெரிக்க நிறுவனம்; வைட்டமின் பி12 மாத்திரையில் முன்பே பயன்பட்டது. 2020இல் நோவோ அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது.

மாத்திரை இரைப்பைக்குள் போய் ஓரிடத்தில் படிகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. கரையும் இடத்தைச் சுற்றி மட்டும் ஸ்நாக் பி.எச். அளவை ஏற்றுகிறது. பெப்சினுக்கு அமிலம் வேண்டும்; அமிலம் குறைந்தால் அது மந்தமாகிவிடும். மருந்து மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளாமல் தனித்தனியாக இருக்கவும் ஸ்நாக் உதவுகிறது. அப்புறம் சுவர் செல்களின் சவ்வுக்குள் புகுந்து அதைக் கொஞ்ச நேரம் நெகிழ வைக்கிறது. அந்த நேரத்தில், அந்த இடத்தில், அருகில் இருக்கும் செமாக்ளூடைடு செல்லின் வழியாகவே ரத்தத்துக்குப் போகிறது. பிறகு எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பெரும்பாலான மாத்திரைகள் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகின்றன. இது மட்டும் இரைப்பையிலேயே முடித்துக்கொள்கிறது. 2018இல் வெளியான ஆய்வில், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயைக் கட்டிவிட்ட நாய்களிலும் மருந்து ரத்தத்தில் ஏறியது. மனிதர்களுக்குக் காமா கேமராவில் படம் எடுத்தபோது, மாத்திரை இரைப்பைக்குள்ளேயே கரைவது தெரிந்தது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கிளைக்கதை. வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரியும் அமிலத்தைக் குறைத்துத்தான் இரைப்பைக் கோழைக்குள் நுழைகிறது. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், சுற்றியுள்ள பி.எச். ஏறும், அமிலத்தில் கெட்டியாக இருந்த கோழை அங்கே இளகிவிடும், அது நீந்திப் போய்ச் சுவரை அடையும். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்த செய்தியை வகுப்பில் வாசித்துக் காட்டியது நினைவிருக்கிறது.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் உள்ளே போவது எவ்வளவு? 0.4 முதல் 1 சதவீதம் வரை. அவ்வளவுதான். தினமும் 14 மி.கி. என்றால் வாரத்துக்கு 98 மி.கி. விழுங்குகிறோம். அதை இதே மருந்தின் ஊசிக்கு மாற்றும்போது அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்லும் அளவு வாரத்துக்கு 0.5 மி.கி. மீதியெல்லாம் செரித்துப் போகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, காலையில் ஒரு வாய் காபி என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. உள்ளே போவதே நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அதிலும் பாதியைக் கெடுத்துக்கொண்டால் என்ன மிஞ்சும்?

இப்போது அன்றாட விஷயத்துக்கு வருகிறேன்.

காகிதத்தில் இருப்பது இதுதான்: காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும், உடைக்கவோ பொடிக்கவோ கடிக்கவோ கூடாது, அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரம் சாப்பாடு, பானம், வேறு மாத்திரை எதுவும் கூடாது. ஐரோப்பியக் குறிப்பில் அதற்கு முன் எட்டு மணி நேரமாவது வயிறு காலியாக இருந்தால் நல்லது என்றும் இருக்கிறது.

தண்ணீர் விஷயம் பலருக்குப் புதிதாக இருக்கும். நம் வீடுகளில் "மாத்திரையா, நிறையத் தண்ணி குடி" என்றுதானே சொல்லி வளர்த்திருக்கிறார்கள்? இந்த மாத்திரைக்கு அது பொருந்தாது. ஓரிடத்தில் ஸ்நாக் செறிவாக இருந்தால்தான் காரியம் நடக்கும். செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினால் மாத்திரை சீக்கிரம் கரைந்து, ஸ்நாக் நீர்த்து, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளரில் 120 மில்லி அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் நகப்பூச்சால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். காலையில் அந்த டம்ளரைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

அரை மணி நேரம்தான் எங்கள் ஊரில் பெரிய சோதனை. டிகிரி காபிக்குப் பேர் போன ஊர். ஐந்தரைக்கெல்லாம் தெருவில் பால் வந்துவிடும், ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். இதே மாத்திரையை என் நாத்தனாரும் சாப்பிடுகிறாள். போன பொங்கலுக்கு வந்திருந்தபோது, "அண்ணி, ஒரு வாய் காபிதானே, அதுல என்ன வந்துடப் போகுது?" என்றாள். அவளை உட்கார வைத்து மேலே சொன்ன 98 கணக்கைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நான் இத்தனை மாசமா காபியோட சேர்த்து முழுங்கினதெல்லாம்?" என்றாள். அவளுடைய டாக்டர் 7 போதவில்லை என்று 14க்கு ஏற்றலாமா என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தார். அவள் நேரத்தைச் சரி செய்துகொண்டாள், 7 மி.கி.யிலேயே சர்க்கரை அளவு இறங்கிவிட்டது. மாத்திரை போதவில்லை என்று நினைக்கிறவர்கள் டாக்டரிடம் போகும்போது, காலையில் எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு முதல் காபி என்று இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

அரை மணி என்பது குறைந்தபட்சம். அதைவிட அதிகம் காத்திருந்தால் மருந்து இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் மாத்திரையைப் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பூ பறித்து, குளித்துவிட்டு வருவேன். நேரம் தானாக ஓடிவிடும். வெந்தயத் தண்ணீர், சீரகத் தண்ணீர், அருகம்புல் சாறு என்று காலையில் குடிக்கும் பழக்கம் இருப்பவர்கள் அதையெல்லாம் பிறகு தள்ளிவைக்க வேண்டும். வெந்தயமும் ஊறினால் வழவழவென்று ஆகும் பண்டம்தான். மாத்திரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற கோழை போதும், இன்னொன்றை நாமே ஊற்ற வேண்டியதில்லை.

இரவு பத்து மணிக்கு மேல் சாப்பிடுகிற வீடு என்றால் யோசிக்க வேண்டும். இதுபோன்ற மருந்துகள் இரைப்பை காலியாவதையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். எட்டு மணிக்குள் இரவுச் சாப்பாட்டை முடிக்க நான் பழகிக்கொண்டேன். கல்யாண வீடு, திருவிழா இரவுகளில் முடியாது; மறுநாள் கொஞ்சம் தாமதமாகப் போட்டுக்கொள்வேன். ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் வழக்கம்போல ஒன்றுதான், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஒரு நாள் உறிஞ்சல் கூடுவதும் ஒரு நாள் குறைவதும் அதனால்தான் பெரிதாகத் தெரிவதில்லை. இவ்வளவு குறைவாக உறிஞ்சப்படுகிற ஒன்றை மாத்திரையாக்கத் துணிந்ததற்கு இந்த நீண்ட ஆயுளும் ஒரு காரணம்.

நான் முதலில் வாங்கிய மருந்துக் கடையில் எனக்கு வருத்தம் உண்டு. கடையின் பெயர் வேண்டாம். கவரின் மேல் "காலை 1, சா.மு." என்று எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன். நம் ஊரில் சா.மு. என்றால் இட்லி தட்டில் விழும்போது மாத்திரையைப் போடுவது. கேஸ் மாத்திரைக்கும் சா.மு.தான், இதற்கும் சா.மு.தான் என்றால் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் அளவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டிக் கொடுத்ததில் காலாவதி தேதி அவர்கள் பக்கமே போய்விட்டது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் மருந்துக்கு, விற்கிறவர் அரை நிமிடம் செலவழித்து இந்த மூன்று விதிகளைச் சொல்ல வேண்டும். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. இப்போது வேறு கடையில் வாங்குகிறேன். அங்கே உள்ள பையன் முழு அட்டையாகத்தான் கொடுக்கிறான், "டீச்சர், டப்பாவுல கொட்டி வெச்சுடாதீங்க" என்றும் சொல்கிறான். சரியாகச் சொல்கிறான். ஈரம் பட்டால் இந்த மாத்திரை கெடும், விழுங்கும் வரை அட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஞாயிறு, திங்கள் என்று அறை பிரித்த மாத்திரை டப்பாவில் இதைப் போடாதீர்கள்.

மற்ற மாத்திரைகள்? மெட்பார்மினைச் சாப்பாட்டோடு எடுப்பதால் சிக்கல் இல்லை. தைராய்டு மாத்திரைதான் சிக்கல். அதுவும் வெறும் வயிற்றைக் கேட்கும், அதுவும் காபியோடு ஆகாது. இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது. ரைபெல்சஸோடு சேரும்போது தைராய்டு மருந்தின் அளவு ரத்தத்தில் 33 சதவீதம் கூடியதாக மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அதனால் தைராய்டு ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாமல் பார்க்கச் சொல்கிறார்கள். என் நாத்தனாருக்குத் தைராய்டும் உண்டு. அவளுடைய டாக்டர் தைராய்டு மாத்திரையை இரவு தூங்கப் போகும் நேரத்துக்கு மாற்றிவிட்டார். நீங்களாக மாற்றாதீர்கள், கேட்டு மாற்றுங்கள். மலச்சிக்கலுக்கு இசப்கோல் குடிக்கிறவர்கள் அதையும் மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் என்று பார்த்தால், என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4இல் இருந்தது, இப்போது 7.2. மெட்பார்மினும் கூடவே தொடர்கிறது. இரவில் மூன்றாவது தோசைக்குக் கை போவதில்லை, அது தானாகவே நின்றுவிட்டது. எடை கொஞ்சம் இறங்கி, முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் ஒருத்தியின் அனுபவத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 703 பேரை வைத்து 26 வாரம் நடந்த பயனியர் 1 ஆய்வில் அந்தச் சராசரி 7 மி.கி.க்கு 1.2 புள்ளியும் 14 மி.கி.க்கு 1.4 புள்ளியும் இறங்கியது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 0.3.

குமட்டல், வயிற்றுவலி, பேதி, சிலருக்கு மலச்சிக்கல், இவை இந்த வகை மருந்துகள் எல்லாவற்றிலும் எதிர்பார்க்க வேண்டியவை. பெரும்பாலும் அளவை ஏற்றும்போது வந்து பிறகு அடங்கும். படிப்படியாக ஏற்றச் சொல்வது அதனால்தான். மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. கணைய அழற்சி வந்தவர்களும், கண்ணில் சர்க்கரைப் பாதிப்பு உள்ளவர்களும் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் கூட இருந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும் அபாயம் கூடும். டாக்டர் சீட்டு இல்லாமல், எடை குறைய என்று கேள்விப்பட்டு வாங்குவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

விலை அதிகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஓய்வூதியத்தில் இது பெரிய செலவு. நான் ஏன் ஊசிக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்ளத் தயங்காதவர்களுக்கு, காலை நேரம் தன் கையில் இல்லாதவர்களுக்கு, அதிகாலையிலேயே வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு, ஊசிதான் சரி. அதற்குக் கோழையும் இல்லை, காபியும் இல்லை. எனக்குக் காலை நேரம் என் கையில் இருக்கிறது, ஊசி பிடிக்காது. அதனால் மாத்திரை. ஐந்துக்கு நாலு மதிப்பெண் கொடுப்பேன். குறைத்த ஒன்று, விதிகளைப் பெட்டிக்கு வெளியே கொட்டை எழுத்தில், தமிழில் போடாததற்கு. உள்ளே மடித்து வைத்த காகிதத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதை அறுபது வயதுக்காரர் எப்படிப் படிப்பார்?

எதிர்காலத்தில் இந்த அரை மணிக் காத்திருப்பு தேவைப்படாமல் போகலாம். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜியோவானி டிராவர்சோ, ஸ்ரீயா ஸ்ரீனிவாசன் ஆகியோரின் குழு 2022இல் ரோபோகேப் என்ற மாத்திரை உறையைக் காட்டியது. சிறுகுடலுக்குப் போனதும் அதன் மேலுறை கரைந்து, உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் சுழலத் தொடங்கும். வெளிப்புறப் பள்ளங்களும் முட்களும் கோழையைத் துடைத்து விலக்கும். வழி திறந்த இடத்தில் மருந்து இறங்கும். பன்றிகளில் சோதித்தபோது இன்சுலினும் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் சாதாரண உறையில் கொடுத்ததைவிட 20 முதல் 40 மடங்கு அதிகமாக உறிஞ்சப்பட்டன. வேலை முடிந்ததும் உறை வெளியேறிவிடும், கோழை மறுபடி சில மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். இன்னும் கடைக்கு வராத பொருள், மதிப்புரை எழுத முடியாது. வந்தால் முதல் ஆளாகப் படித்துப் பார்ப்பேன்.

இன்னொரு முக்கியமான விஷயம், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே பெயரில் இன்னொரு தயாரிப்புக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. அதில் அளவுகள் 1.5, 4, 9 மி.கி. உறிஞ்சல் கூடுதலாக இருப்பதால், அங்கே 4 என்பது இங்கே 7க்கு ஈடு, 9 என்பது 14க்கு ஈடு. "அங்கிருந்து வந்ததில் அளவு குறைச்சலா இருக்கே" என்று இரண்டாகப் போட்டுவிடாதீர்கள். பழைய தயாரிப்பிலும் இரண்டு 7 சேர்ந்தால் ஒரு 14 ஆகாது, ஸ்நாக் இரட்டிப்பாகிவிடும். மகனோ மகளோ பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், அட்டையின் எண்ணை டாக்டரிடம் காட்டிவிட்டு மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள்.